சிநேகா வராத விமானம்

கடப்பாக்கத்திலிருந்து வெளிநாடு போனவர்களில் யார் எப்போது ஊர் திரும்புகிறார் என்பது, கர்த்தருக்கு அடுத்தபடியாக ஷாரோனுக்குத்தான் தெரியும். கட்டிய பெண்டாட்டிக்குக்கூட அப்புறம்தான். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஈ.சி.ஆரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஏசுபாதம் நடத்துகிற டிராவல்ஸில் டிக்கெட் போடுகிறவள் அவள். தொடர்பு எண் கேட்கிற இடத்தில் எல்லாருடைய டிக்கெட்டிலும் தன் நம்பரையே போட்டுவிடுவாள். அது தப்புதான். விமானக் கம்பெனி கேட்பது பயணியின் நம்பரை. ஆனால் மஸ்கட்டிலும் தோஹாவிலும் இருக்கிறவர்கள் மாசத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறார்கள். ஊரில் இருக்கிறவர்களோ இங்கிலீஷில் எது வந்தாலும், லோன் வேண்டுமா என்று கேட்கிற மெசேஜோடு சேர்த்து அழித்துவிடுகிறார்கள். "உன் நம்பரே போட்டுடும்மா, நீயே பாத்துச் சொல்லு" என்று சொல்லிச் சொல்லி அதுவே ஊர் வழக்கமாகிவிட்டது.

ஆகவே எங்கேயோ ஏதோ ஒரு விமானம் நேரம் மாறினால் ஷாரோனின் போன்தான் முதலில் அலறும். அவள் கடையை விட்டு இறங்கிப் போய், மீன் கழுவிக்கொண்டிருக்கிறவளிடம், "உங்க வூட்டுக்காரரு செவ்வாக்கிழம இல்லக்கா, புதன்தான்" என்று சொல்லிவிட்டு வருவாள். கம்பெனி தானாக ஒரு விமானத்தில் தள்ளிவிட்டால் அப்படியே விடமாட்டாள். முந்தின நாள் உண்டா, அடுத்த நாள் உண்டா, சென்னையில் இல்லாவிட்டால் பெங்களூரில் இறங்கலாமா என்று துருவுவாள். நேரத்தை மாற்றியது அவன் என்றால், காசு வாங்காமல் நமக்கு வேண்டிய நாளைக் கொடுக்கவேண்டியது அவன் கடமை என்பது ஷாரோனின் கட்சி. அதைச் சொல்லும்போது சர்ச் கமிட்டியில் சண்டை போட்ட அவள் அப்பா ஆபிரகாமின் குரல் அப்படியே வரும்.

ஆபிரகாம் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். பிறகு கடற்கரையில் ஒரு ரிசார்ட்டுக்கு வாட்ச்மேனாகி, இரண்டு பெண்களையும் நர்ஸிங் படிக்கவைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். மூத்தவள் ஷாரோன், இளையவள் சிநேகா. மஸ்கட்டுக்கு முதலில் விசா வந்தது மூத்தவளுக்குத்தான். அப்போதுதான் அப்பா போனார். அம்மாவைத் தனியே விட மனமில்லாமல், "நீ போடி, நான் அடுத்த வருஷம் வர்றேன்" என்று, பின்னாலேயே விசா வந்த தங்கையை அனுப்பிவைத்தாள். அந்த அடுத்த வருஷத்தில் அம்மா செல்லம்மாவுக்கு வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. செங்கல்பட்டில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்த ஷாரோன் வேலையை விட்டாள். நடுப்பகலில் ஓடிப்போய் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வரத் தோதான வேலை ஊரில் ஏசுபாதத்தின் கடையில்தான் இருந்தது. தான் ஏறாத விமானங்களுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சிநேகா மஸ்கட்டில் ஸ்டான்லியைக் கல்யாணம் செய்துகொண்டு குடும்பமானாள்.

செல்லம்மாவின் பேச்சை ஊரிலேயே ஷாரோன் ஒருத்திதான் புரிந்துகொள்வாள். "வ்வா" என்றால் தண்ணீரா, கதவைச் சாத்தவேண்டுமா என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பாஸ்டர் வந்தால், சொந்தக்காரர் வந்தால், சிநேகா வீடியோவில் வந்தால், அம்மா பேசப் பேச இவள்தான் எடுத்துச் சொல்லவேண்டும். பேச்சுப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா, தினம் ஒரு வார்த்தை சொல்லவையுங்கள், போனில் பதிந்து அவங்க குரலை அவங்களே கேட்கட்டும் என்று சொல்லியிருந்தார். ஷாரோன் தன் பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்தாள். மைக் படத்தை இடக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துப் பேசவேண்டும், விட்டால் சிநேகாவுக்குப் போய்விடும் என்று மாசக்கணக்கில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தாள். தண்ணி, கஞ்சி, கதவு, ஏசப்பா என்று தினம் காலையில் ஒரு வார்த்தை மஸ்கட்டுக்குப் போகும். அங்கிருந்து சிவப்பு இதயப் படம் ஒன்று திரும்பி வரும். மூத்த மகளின் பெயர் மட்டும் செல்லம்மாவுக்கு வரவே இல்லை. 'ஷா' வாயில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். "ரோனு" என்பாள். ஷாரோன் அதற்கே பூரித்துப்போவாள்.

இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு தோஹாவில் ஒரு பெரிய மருத்துவமனை ஷாரோனை எடுத்துக்கொண்டது. மாசக் கடைசிக்குள் வேலையில் சேரவேண்டும், தவறினால் விசா போய்விடும். "அடுத்த வருஷம்னா வயசு தாண்டிடும் சிஸ்டர், அப்புறம் யாரும் எடுக்கமாட்டான்" என்று ஏஜென்ட் பட்டென்று சொல்லிவிட்டான். ஷாரோன் முதலில் முடியாது என்றுதான் சொன்னாள். சிநேகாதான் விடவில்லை.

"நான் வேலய வுட்டுட்டு வர்றேங்க்கா. ஆறு மாசம் அம்மாவ நான் பாத்துக்கறேன். அப்பால இன்னா பண்றதுன்னு அப்ப பாத்துக்கலாம். எத்தினி வருஷம் நீயே பாத்துகினு இருப்ப? கெளம்புக்கா நீ" என்றாள்.

அன்றைக்கு போனை வைத்துவிட்டு ஷாரோன் அழுதது சந்தோஷத்தில். தான் விட்டுக்கொடுத்ததைத் தங்கை மறக்கவில்லை என்ற சந்தோஷம்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் விமானம் ஏறவேண்டுமென்றால் ஒரு வேன் கிளம்பவேண்டும். போகிறவர் ஒருவர், அழுகிறவர்கள் பத்துப் பேர். திரும்பி வரும்போதும் அதே பத்துப் பேர் அதே வேனில் போய் அதே இடத்தில் நின்று அழுவார்கள். ஷாரோன் இதிலும் ஒரு சிக்கனம் பார்த்தாள். சிநேகா காலையில் இறங்குகிற நாளிலேயே, பிற்பகல் தோஹா விமானத்தில் தனக்கு டிக்கெட் போட்டாள். ஊரில் வாடகைக்கு ஓட்டுகிற வரதனின் வேன் ஒன்றே போதும். அம்மாவையும் வேனில் படுக்கவைத்துக் கூட்டிப்போய், டியூட்டி முடிந்த நர்ஸ் அடுத்த நர்ஸிடம் நோயாளியை ஒப்படைப்பதுபோல, விமான நிலைய வாசலிலேயே தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போய்விடலாம். எந்த மாத்திரை எப்போது, எந்தப் பக்கம் புரட்டவேண்டும், "வ்வா"வுக்கு எத்தனை அர்த்தம் எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிடலாம். வேறு ஊர்க்காரன் கேட்டால் சிரிப்பான். கடப்பாக்கத்தில் எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் இரண்டு பேருக்கும் சேர்த்தே பயண ஜெபம் செய்தார்.

பிறகுதான் அந்த விமானக் கம்பெனி வளைகுடா விமானங்களை எல்லாம் கலைத்துப் போட்டது. ஷாரோனின் போன் ஒரு காலை முழுக்க அலறியது. ஊரார் டிக்கெட்டுகளுக்கு நடுவில் சிநேகாவுடையதும் இருந்தது, அவளுடையதும் இருந்தது. சிநேகாவின் விமானமே ரத்து. ஷாரோனுடையது அடுத்த நாளுக்குப் போய்விட்டது. வேண்டாமென்றால் இரண்டு வாரத்துக்குள் எந்த நாளையும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

உடனே தங்கையைக் கூப்பிட்டாள். "மொத நாளும் சீட்டு கீது, மறுநாளும் கீது. எது வோணும் சொல்லு, இப்பவே மாத்திடறேன்" என்றாள்.

"டியூட்டி சார்ட்டு பாத்துட்டு நானே மாத்திக்கறேங்க்கா. லிங்க்க அனுப்பு" என்றாள் சிநேகா.

அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து சிநேகா அழாத குறையாகப் பேசினாள். "எல்லாம் ஃபுல்லாங்க்கா. அவங்களே கேன்சல் பண்ணிட்டாங்க. அடுத்த மாசம் வரைக்கும் ஒரு சீட்டுகூட இல்லியாம். நான் இன்னா பண்ணுவேன்?"

ஊரார் டிக்கெட்டை மூன்று தரம் திருப்பிப் பார்க்கிறவள், தங்கையின் டிக்கெட்டை ஒரு தரம் பார்க்கவில்லை. சிநேகா சொன்னால் சொன்னதுதான். செல்லம்மாவிடம் போய், "சிநேகா வரலியாம்மா. நானும் போவல" என்றாள். செல்லம்மா இடக்கையால் மகளின் கன்னத்தைத் தடவினாள். "ரோனு, ரோனு" என்றாள். அம்மாவின் கண்ணில் தண்ணீர் தளும்பியதைப் பார்த்து, தனக்காக அழுகிறாள் என்று ஷாரோன் நினைத்துக்கொண்டாள்.

மருத்துவமனைக்கு வரமுடியாது என்று எழுதுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு சண்டை போட்டுப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தெருக்கோடி சுப்பிரமணியின் மகனுக்காகச் சண்டை போட்டிருக்கிறாள், அச்சரப்பாக்கத்து ஆளுக்கெல்லாம் போட்டிருக்கிறாள், சொந்தத் தங்கைக்குப் போடக்கூடாதா? மறுநாள் காலை கடையில் உட்கார்ந்து விமானக் கம்பெனியைக் கூப்பிட்டாள். டீ வாங்கி வைத்துக்கொண்டு ஏசுபாதம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஷாரோன் கம்பெனிக்காரனை மடக்குவதைப் பார்ப்பது அவருக்கு கிரிக்கெட் பார்க்கிற மாதிரி. போனை ஸ்பீக்கரில் போடச் சொல்வார்.

பாட்டு ஓடி முடிந்து ஒரு பையன் வந்தான். தமிழ் பேசினான். ஷாரோன் மூச்சுவிடாமல் ஆரம்பித்தாள். நேரத்தை மாத்தினது நீங்க. சீட் தரவேண்டியது நீங்க. பாசஞ்சரைக் கேட்காம நீங்களா எப்படி கேன்சல் பண்ணலாம்? எந்த ரூல்ல இருக்குது? உங்க மேலதிகாரியக் குடுங்க. ஒரு வயசான அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க, ஒரு பொண்ணோட வேலை போகப்போகுது, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? ஏசுபாதம் தொடையைத் தட்டிக்கொண்டு, "அப்டிப் போடும்மா" என்றார்.

பையன் பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்: "மேடம், நாங்க கேன்சல் பண்ணலை. மாற்று விமானத்துக்கு முந்தின நாள், அடுத்த நாள் ரெண்டும் குடுத்திருந்தோம். பயணி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்காங்க. ரெண்டும் வேண்டாம்னு ரீஃபண்ட் கேட்டிருக்காங்க. ரீஃபண்டும் போயாச்சு."

"வேற யாராவது மாத்தியிருப்பாங்க. நல்லாப் பாருங்க."

"அவங்க மெயிலுக்கு வந்த கோட் போட்டுத்தான் செஞ்சிருக்காங்க மேடம். ரீஃபண்ட் மெசேஜும் அந்த மெயிலுக்குத்தான் போயிருக்கு. இன்னிக்குக்கூட அந்த ரெண்டு விமானத்திலயும் இடம் இருக்கு."

ஷாரோன் ஸ்பீக்கரை நிறுத்தினாள். நன்றி என்று சொன்னாளா, சொல்லவில்லையா என்பது அவளுக்கே நினைவில்லை. ஏசுபாதம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நாள்காட்டியைப் பார்த்தார்.

"நெட்டு கோளாறா இருக்கும்மா. சில நேரத்துல அதுவா அழுத்திக்கும்" என்றார்.

"எது அண்ணா அதுவா அழுத்திக்கும்?" என்றாள் ஷாரோன்.

வெளியே வந்து, கடைக்குப் பின்னால் இருந்த பூவரச மரத்தடியில் நின்று தங்கையைக் கூப்பிட்டாள். சிநேகா எடுத்ததும், "ஏண்டி ரீஃபண்டு கேட்ட?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அம்மாதாங்க்கா வரவேணான்னுச்சு."

"வாய்க்கு வந்தத சொல்லாதடி. அம்மா இன்னா சொல்லுதுன்னு ஒனக்குப் புரியுமா? நான் எடுத்துச் சொன்னாத்தான ஒனக்குத் தெரியும்?"

"எனக்குப் புரிஞ்சுதுக்கா" என்றாள் சிநேகா. "ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நெனச்சேன். அனுப்பறேன், நீயே கேளு."

வந்தது ஒரு குரல் பதிவு. அம்மா அனுப்பியது. அது வந்த தேதியைச் சிநேகா கீழே போட்டிருந்தாள். பாஸ்டர் பயண ஜெபம் செய்த அதே ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் சர்ச்சில் இவள் எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாளே, அந்த நேரம். அழுத்தினாள்.

முதலில் மூச்சு. பிறகு அம்மா பேசினாள். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, எச்சில் விழுங்கி, அடுத்த வார்த்தையைத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"சிநேகா. நீ. வராத. வந்தா. ஷாரோன். பூடுவா. அவகிட்ட. சொல்லாத."

ஷாரோன் இன்னொரு தரம் கேட்டாள். நர்ஸ் புத்தி முந்திக்கொண்டது. 'ஷா' வந்துவிட்டது. சுத்தமாக, ஒரு பிசிறு இல்லாமல் வந்துவிட்டது. எத்தனை காலைகள் அம்மாவின் தாடையைக் கையில் ஏந்தி, தன் உதட்டைக் குவித்துக் காட்டி, 'ஷா சொல்லும்மா, ஷா' என்று கெஞ்சியிருப்பாள்! அது வந்த அன்றைக்கு அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் இல்லாத நேரம் பார்த்து, அவளுக்கு எதிராகச் சொல்லியிருக்கிறாள். பிறகு அவளிடம் திரும்பி, "ரோனு, ரோனு" என்று கன்னத்தைத் தடவியிருக்கிறாள். ஷாரோனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன்னை இத்தனை நாள் மகளாக வைத்திருந்தார்களா, கட்டிப்போட்டு வைத்திருந்தார்களா என்று நினைத்தாள்.

"அக்கா, கேட்டியா? அம்மா அப்டி சொல்லும்போது நான் இன்னா பண்றது?" என்றாள் சிநேகா போனில்.

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்டி. அது ஒண்ணுதான் பண்ணியிருக்கணும். ஒனக்கும் சவுகரியமாப் பூட்ச்சு. வேலய வுடத் தேவயில்ல, ஸ்டான்லிய வுட்டுட்டு வரத் தேவயில்ல. அம்மா சொல்லுச்சுன்னு அம்மா மேல போட்டுட்டு ஜாலியா இருந்துட்ட."

சிநேகா அதை மறுக்கவில்லை. மறுத்திருந்தால் ஷாரோனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. எதிர்வீட்டு ஹெலன் வீட்டுக்குப் போனாள். ஹெலன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. அவருக்கும் செல்லம்மாவுக்கும் சர்ச் பெண்கள் சங்கத் தேர்தலில் ஆரம்பித்த பகை. அம்மா நன்றாக இருந்த காலத்திலேயே இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாட்டுப் பாடுவார்கள், பேசமாட்டார்கள். ஷாரோன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சொல்லும்போது அழவில்லை, முடித்த பிறகுதான் அழுதாள்.

ஹெலன் இவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "ஒங்கம்மாளுக்கு பயம்டி. ஆனா பயந்தவங்கள்லாம் இந்த வேல செய்யறதில்ல" என்றார். பிறகு, "நான் பாத்துக்கறேன். எனக்கு மாசம் ஏதோ குடு, ஒங்கம்மா என்னப் பாத்து மூஞ்சத் திருப்பிக்கட்டும், எனக்கு இன்னா? பெட்பேன் வெக்கறதுக்கு மூஞ்சி தேவயில்ல" என்றார். ஷாரோனுக்கு அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மாலை கடையில் ஷாரோன் தன்னுடைய டிக்கெட்டைத் திறந்தாள். இரண்டு வாரத்துக்குள் எந்த நாளும் எடுக்கலாம். எல்லாவற்றையும் துருவிப் பார்த்து, வேலையில் சேரவேண்டிய கெடுவுக்கு முந்தின நாள் போய்ச் சேருகிற கடைசி விமானத்தை எடுத்தாள். அதுவரை இருக்கிற நாட்களில் ஹெலனுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஏசுபாதம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தொடர்பு எண் என்ற இடத்தில் இருந்த தன் நம்பரைப் பார்த்து ஷாரோன் ஒரு கணம் நின்றாள். இந்த ஒரு டிக்கெட்டில்தான் அது சரியான நம்பர்.

மறுநாள் காலை வழக்கம்போல அம்மாவைத் துடைத்து, புரட்டி, பவுடர் போட்டு, தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்காரவைத்தாள். கஞ்சி ஊட்டினாள். செல்லம்மா அவள் முகத்தையே பார்த்தாள். ஏதோ மாறியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ரோனு" என்றாள், குழைவாக.

ஷாரோன் போனை எடுத்து, பதிவை ஓடவிட்டாள். அம்மாவின் குரல் அம்மாவின் முன்னாலேயே பேசியது. சிநேகா. நீ. வராத. செல்லம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நல்ல கை போர்வையைப் பிடித்துக் கசக்கியது. பதிவு முடிந்தது.

"ஏம்மா இப்டி பண்ண?" என்று ஷாரோன் கேட்டாள். "போவாதன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா நான் நின்னிருப்பேன். ஒரு தடவ சொல்லியிருந்தாப் போதும். எத்தினி வருஷம் நின்னேன், நீ சொல்லாமலே நின்னேன். வூட்ல ஒருத்தியும் எங்கிட்ட நெசத்தச் சொல்லல."

செல்லம்மா அழுதாள். அந்த அழுகை நிஜம் என்பதில் ஷாரோனுக்குச் சந்தேகம் இல்லை. அவளுக்கு அம்மாவின் கண்ணைத் துடைக்கக் கை வந்தது, துடைத்தாள். ஆனால் மனம் இளகவில்லை.

வாசலில் செருப்பை விடுகிற சத்தம் கேட்டது. ஹெலன் உள்ளே வந்து சுவரோரம் நின்றார். செல்லம்மா அவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், விளங்கிக்கொண்டாள்.

ஷாரோன் கட்டிலில் உட்கார்ந்து, எப்போதும்போல அம்மாவின் தாடையைக் கையில் ஏந்தினாள். "இன்னிக்குப் புது வார்த்தம்மா. தாகமெடுத்தா, வலிச்சா, இனிமே இதத்தான் கூப்புடணும். சொல்லு. ஹெ-ல-ன்."

செல்லம்மா உதட்டை இறுக மூடிக்கொண்டாள். தலையை ஆட்டினாள். பிறகு மூச்சை இழுத்து, மகளின் கண்ணைப் பார்த்து, முழுசாக, திருத்தமாகச் சொன்னாள்:

"ஷாரோன்."

ஷாரோன் தாடையை விடவில்லை.

"அது ஒனக்குத்தான் வந்துடுச்சேம்மா" என்றாள். "வராததச் சொல்லு. ஹெலன்."